அழுக்கில் தங்கிய உருவங்கள்

தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கரித்துண்டால் வரைவார், படம் பிடிப்பார், கொஞ்சம் அழிப்பார், அதே தாளில் மறுபடி வரைவார். அசைவுப் படங்களை இப்படித்தான் உருவாக்கினார். அழித்த கோடு முழுசாகப் போகாது, லேசான நிழலாகத் தாளில் நிற்கும். அந்த நிழலை அவர் துடைப்பதில்லை.

2016இல் ரோம் நகரில் அதே பழக்கத்தைக் கரித்துண்டுகூட இல்லாமல் செய்து பார்த்தார். டைபர் ஆற்றின் கரைச்சுவரில், இரண்டு பாலங்களுக்கு இடையே ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்கு 80க்கும் மேற்பட்ட உருவங்கள். சில 10 மீட்டர் உயரம். ஆனால் சுவரில் சாயமே பூசவில்லை. உருவ வடிவில் வெட்டிய தகடுகளைச் சுவரில் பொருத்தி, சுற்றியுள்ள இடத்தை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கல் வெளுத்தது. தகடு மறைத்த இடத்தில் பல வருட அழுக்கு அப்படியே தங்கியது. உருவம் என்று நாம் பார்ப்பது அந்த அழுக்கைத்தான்.

(இந்த உத்தி அவருடையது மட்டும் அல்ல. அதே ஆற்றங்கரையில் 2005இல் கிறிஸ்டின் ஜோன்ஸ் ஓநாய் உருவங்களை இப்படிக் கொண்டுவந்திருக்கிறார். அதைச் சொல்லாமல் கென்ட்ரிட்ஜை மட்டும் பாராட்டுவது நியாயமில்லை.)

படைப்பின் பெயர் ‘வெற்றிகளும் புலம்பல்களும்’. பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் குதிரைமேல் வருகிறார். 1975இல் கொலையுண்ட இயக்குநர் பசோலினி, 1978இல் கடத்திக் கொல்லப்பட்ட அரசியல் தலைவர் ஆல்டோ மோரோ, படகில் நெருக்கியடித்து வரும் அகதிகள் எல்லாரும் ஒரே ஊர்வலத்தில். ‘லா டோல்சே வீட்டா’ படத்தில் நீரூற்றுக்குள் நிற்கும் ஜோடி இங்கே குளியல் தொட்டியில் நிற்கிறது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். கால வரிசை கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது.

வரிசை இல்லாததைப் பலமாகவே பார்க்கிறேன். புனித பேதுரு பேராலயம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1555இல், அதே நகரத்து யூதர்களை மதில் சூழ்ந்த குடியிருப்புக்குள் அடைத்தார்கள். பாடநூல் இதையெல்லாம் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிடும். ஒருத்தருடைய வெற்றி விழா நடந்த ஊரிலேயே இன்னொருத்தர் வீட்டில் ஒப்பாரி கேட்டது என்பதைக் கென்ட்ரிட்ஜின் சுவர் பிரிக்காமல் காட்டுகிறது.

பெயர் இல்லாததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மார்க்கஸ் ஒரேலியஸுக்கு ஊரில் சிலை இருக்கிறது, இத்தாலியின் 50 சென்ட் காசிலும் அவர் இருக்கிறார். பலகை இல்லாவிட்டாலும் ரோம்காரர்களுக்கு அவரைத் தெரியும். படகில் வந்தவர்? அவர் வெறும் ‘அகதி’தான். எல்லாரையும் ஒரே சுவரில் சமமாக நிறுத்தியும், ஜெயித்தவர் பெயரோடு வருகிறார், புலம்புகிறவர் பெயரில்லாமல் போகிறார். ஓவியர் இதைக் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சுவரில் மறுபடி அழுக்குப் படியும், வெளுத்த கல் கறுக்கும், உருவங்கள் மெல்ல மெல்ல மறையும். இது தெரிந்தே செய்த வேலை. மறுபடி கழுவிக் காப்பாற்றலாமே என்று சிலர் கேட்கலாம். எனக்கு உடன்பாடில்லை. உருவமே அழுக்கால் ஆனது. அது அழுக்கிலேயே கரைவதுதான் இந்த ஓவியத்தின் இரண்டாம் பாதி.

படிவம் நான்கில் படத்தைப் பார்த்து எழுதும் பயிற்சிக்கு இதை எடுக்கலாம். முதலில் பெயர் எதுவும் சொல்லாதீர்கள். வெற்றி பெற்றவர் யார், அழுகிறவர் யார் என்று பிள்ளைகளே ஊகித்து எழுதட்டும். பிறகு பெயர்களைக் கொடுத்து, எந்த உருவத்துக்குப் பெயர் இல்லை என்று தேடச் சொல்லுங்கள்.