கொட்டகையில் தூங்கியவர்கள்

வில்லியம் வைலரின் ‘தி லெட்டர்’ (1940) படத்தைப் போன வாரம் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். பாட்டி செமினி பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். ஆங்கிலம் தெரியாது. மலாயா ரப்பர் தோட்டத்துல நடக்குற கதை என்று சொன்னதும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

முதல் காட்சி புகழ்பெற்றது. நிலா வெளிச்சம். மரத்திலிருந்து பால் சொட்டுகிறது. கேமரா மெதுவாக நகர்ந்து, திறந்த கொட்டகையில் தொங்கும் தூளிகளில் தூங்குகிற ஆட்களைக் காட்டுகிறது. துப்பாக்கிச் சத்தம். பெட்டி டேவிஸ் ஒருவனைச் சுட்டுக்கொண்டே பங்களா படியிறங்கி வருகிறார்.

பாட்டி கேட்டார்: “ராத்திரியில மங்குல பால விட்டுட்டு யாருடா தூங்குவா? கட்டியாயிடாதா?” கொஞ்ச நேரம் கழித்து, “பொம்பளைங்க ஒருத்தரையும் காணோமே?”

விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுவதற்குள் வெட்டு, மதியத்துக்குள் பால் எடுத்தாக வேண்டும். லயத்தில் குடும்பங்கள் இருந்தன. வெட்டியவர்களில் பெண்கள் ஏராளம். வைலரின் தோட்டத்தில் வேலையும் இல்லை, குடும்பமும் இல்லை. இரவுக்கு அழகு சேர்க்கும் உடல்கள்தான் இருக்கின்றன.

கதை நம்ம ஊர்க் கதை. 1911 ஏப்ரலில், கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தலைமையாசிரியர் பங்களாவில் ஈத்தல் பிரவுட்லாக் என்ற ஆங்கிலேயப் பெண் வில்லியம் ஸ்டூவர்டைச் சுட்டுக் கொன்றார். தூக்குத் தண்டனை கிடைத்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னித்தார். சாமர்செட் மாம் அதைச் சிறுகதையாக்கி, சம்பவத்தைத் தோட்டத்துக்கு மாற்றினார்.

மாம் எழுதிய சீனக் காதலி, படத்தில் யூரேசிய மனைவி ஆகிறாள். ஒப்பனையோடு அந்த வேடத்தில் நடித்தவர் வெள்ளைக்கார நடிகை கேல் சோண்டர்கார்ட். கொலை செய்தவள் தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. தண்டிக்கும் கத்தியை இந்த ஆசியப் பெண் கையில்தான் கொடுக்கிறார்கள். அவளுடைய கணவன் கொல்லப்பட்டிருக்கிறான். ஆனால் அவள் துக்கத்துக்கு வசனம் கிடையாது, முறைத்த பார்வை மட்டும். சென் யங் நடித்த வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கு வசனம் நிறைய உண்டு, நடிப்பும் அருமை. ஆனால் அவரும் பணிவுக்குள் தந்திரம் வைத்திருக்கும் ஆசியர்தான்.

தமிழருக்கு இந்தத் தந்திரக்காரர் வேடம்கூட இல்லை. பெயருள்ள ஒரு பாத்திரமும் தமிழர் அல்ல. நான் வசிக்கும் காஜாங்கில் இருந்த இன்ச் கென்னத், மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நட்ட முதல் தோட்டங்களில் ஒன்று. அந்தத் தொழிலைத் தாங்கியவர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். 1941இல், படம் வந்த சில மாதங்களிலேயே, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பவை கோரிக்கைகளில் சில. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. திரையில் தூளியில் கிடந்தவர்கள் நிஜத்தில் இவ்வளவு விழிப்பாக இருந்தார்கள்.

‘பழைய படம், இன்றைய அளவுகோலை வைக்கலாமா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அளவுகோல் இன்றையது அல்ல. 1911 வழக்கில், வெளியே காத்திருந்த ரிக்‌ஷாக்காரர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். காலனி நீதிமன்றம் கேட்ட அளவுக்குக்கூட ஹாலிவுட் கேட்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்தில் முதலில் எழுந்தவர்கள் கொட்டகை ஆட்கள்தான். அவர்கள் பார்த்ததைப் படம் அதற்குப் பிறகு விசாரிப்பதே இல்லை. கூட்டத்தில் ஒரு தமிழ் முகத்தைச் சேர்த்திருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது.

ஆனாலும் படத்தைப் பாருங்கள். ஒளியும் நிழலும் வைலர் அளவுக்கு ஆள்பவர்கள் குறைவு. முடிந்தால் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி பாதியில் தூங்கிவிட்டார். காலையில் எழுந்ததும், “அந்தக் கொட்டாயில இருந்தவங்க என்ன ஆனாங்க?” என்று கேட்டார். படத்தில் அதற்குப் பதில் இல்லை என்றேன்.