20 முகப் பகடையும் ஒரு மந்திரவாதியின் சாவும்

பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 1981 பேசிக் பதிப்பில் உயிர் மிக மலிவு. முதல் லெவல் மந்திரவாதியின் ஹிட் பாயிண்டை, அதாவது உயிரின் அளவை, 4 முகப் பகடை தீர்மானிக்கும். 1 விழுந்தால் 1தான். விஷப்பாம்பு கடித்தால் 20 முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். விழாவிட்டால் சாவு. அதாவது நூற்றுக்கு அறுபது தடவை மந்திரவாதி பிழைக்கமாட்டார்.

இதைக் கொடூரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறக்குமுன் காதுவைத்துக் கேட்பது, நீளக் கம்பால் தரையைத் தட்டிப் பார்ப்பது, சண்டை போடாமல் பேசிப் பார்ப்பது, ஓடித் தப்புவது எல்லாமே சாவு பயம் ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தைகள். சாவே இல்லாத ஆட்டத்தில் இவற்றுக்கு வேலை இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சுவர்ப் பொந்துக்குள் சாவி மின்னுகிறது, பக்கத்தில் பாம்பின் சட்டை கிடக்கிறது. தெரிந்தே கையை உள்ளே விட்டவர் செத்தால் அது அவருடைய கதை. அதைப் பல வருடம் சொல்லிச் சிரிப்பார்கள். நடைபாதையில் சும்மா போனவர் தலையில் பாம்பு விழுந்து செத்தால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டிலும் அதே பகடை, அதே 13. முதலாவதில் பகடைக்கு முன்னால் ஒரு முடிவு இருந்தது, இரண்டாவதில் இல்லை.

விளையாட்டை டேவ் ஆர்னசனோடு சேர்ந்து உருவாக்கிய கேரி கைகாக்ஸ் இதை உணர்ந்திருந்தார். 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், எல்லாம் சரியாகச் செய்தும் பகடையால் மட்டும் சாகிறவரை மயக்கத்தோடோ ஓர் உறுப்பை இழந்தோ பிழைக்கவைக்கும் உரிமையை, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்குக் கொடுத்தார். முட்டாள்தனம் செய்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நியாயமான பிரிவினைதான். ஆனால் நடைமுறையில் இது திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லும் பழக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. அதை என்னால் ஏற்க முடியாது. ஒருமுறை அது தெரிந்துவிட்டால், முன்பு ஜெயித்த சண்டைகளையும் சந்தேகிக்க வேண்டியதாகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு சாவைத் தள்ளிப்போட்டது. உயிர் சுழியத்துக்கு இறங்கியவர் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டுகிறார். 10 அல்லது மேலே மூன்று முறை விழுந்தால் பிழைப்பு, கீழே மூன்று முறை விழுந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் உடனே எழுந்துவிடலாம். யாரும் உதவாவிட்டால் சாக ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. இதில் எனக்குப் பிடித்தது அந்த இடைவெளி: ஓடிப்போய்த் தூக்குவதா, அரக்கனை முடிப்பதா என்று தோழர்கள் முடிவெடுத்தாக வேண்டும். ஆனால் அதே பதிப்பில் ஐந்தாம் லெவல் மதகுருவிடம் 300 பொற்காசு பெறும் வைரம் இருந்தால், செத்து ஒரு நிமிடத்துக்குள் உயிர் திரும்பிவிடும். சாவு வெறும் செலவுக் கணக்காகிவிடுகிறது.

1986இல் வந்த வார்ஹேமர் ஃபேண்டஸி ரோல்பிளே இதைவிட நேர்மையானது. ஒவ்வொருவருக்கும் சில விதிப் புள்ளிகள். ஒன்றைச் செலவழித்தால் சாவிலிருந்து தப்பலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சலுகை எல்லாருக்கும் தெரிய, விதியாகவே இருக்கிறது.

எந்தப் பதிப்பானாலும் டன்ஜன் மாஸ்டர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: "13க்குக் கீழே விழுந்தால் சாவு, கையை உள்ளே விடுகிறீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டு, பகடையை எல்லார் கண்முன்னாலும் உருட்டவிட வேண்டும். செத்தவரை இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்க்கவும் விடக்கூடாது. பழைய ஆட்டங்களில் குழுவோடு கூலிக்குத் தீப்பந்தம் பிடித்து வருபவன் இருப்பான். அவனை அப்போதே அவர் கையில் கொடுத்துவிடலாம்.