வாசகசாலையும் ஊரின் ஞாபகமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கியது. சென்னை கன்னிமாராவுக்கு 21 வருஷம் மூத்தது. இதைச் சொல்லிப் பெருமைப்படுவது சுலபம். பழமையே ஒரு தகுதியாகிவிடும் சூழல் நம்முடையது. கேட்க வேண்டியது வேறு. கலெக்டர் ஒருவரின் பெயர் தாங்கிய அந்த வாசகசாலைக்கு 1875-ல் 'பொதுஜனம்' என்பது யார்? எழுத்தறிந்த சிலர்தான். மற்றவர்களுக்கு அது ஒரு கட்டிடம்.

1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்துவரியோடு நூலகவரியும் சேர்ந்தது. படிக்காதவனும் நூலகத்துக்குப் படியளப்பவனானான். பக்கத்து ராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை மாகாண முதல்வராக இருந்த குமாரசாமி ராஜா, தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பெரிய காரியங்கள்தாம். ஆனாலும் இவற்றிலெல்லாம் ஜனங்கள் பெற்றுக்கொள்பவர்கள் மட்டுமே. அவர்களிடம் கொடுப்பதற்கும் ஏதோ இருக்கிறது என்ற பிரக்ஞை இல்லை.

அந்தப் பிரக்ஞை இருந்தது கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையாவுக்கு. புத்தகங்களோடு அழைப்பிதழ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பை வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. நல்லதுதான். ஆனால் ஓர் ஊரின் குப்பை சரித்திரம் என்று தெரியவர, கடல் கடந்து ஒருவர் விலை சொல்ல வேண்டியிருந்தது.

ராஜபாளையத்தில் 1936 முதல் மில் இருக்கிறது. சம்பளச் சீட்டு, சங்க நோட்டீஸ், வேலைநிறுத்தத் துண்டறிக்கை எதுவும் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியிலும் மிஞ்சவில்லை என்று நம்ப முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வருஷாவருஷம் அச்சான நோட்டீஸ்கள்? ஆண்டுவிழாவும் கட்டுரைப் போட்டியும் நடத்தி ஜனங்களை 'ஈர்ப்பது' என்பது அவர்களைக் கைதட்ட அழைப்பதுதான். பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் சேர்த்தால் தராதரம் என்ன ஆவது என்பார்கள். தராதரம் விமர்சகனின் வேலை. இல்லாமல் போனதை அவனாலும் எடைபோட முடியாது. தவிர, சேர்ப்பதோடு காரியம் முடிவதுமில்லை. பழைய மில் புகைப்படம் ஒன்றில் வரிசையாக நிற்கும் முப்பது பேர் யார் என்று எந்த ஆராய்ச்சியாளனாலும் சொல்ல முடியாது. அடுத்த தெருக் கிழவி சொல்லிவிடுவாள். அவள் எழுத்தறியாதவளாகவும் இருக்கலாம். அவள் வந்து உட்கார இடமும், சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் ஆளும் இருக்குமானால், அங்கே 'பொது' என்ற சொல்லுக்கு முதல்முறையாக அர்த்தம் வரும். அவளுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது.