தட்டை உலகின் வாசகர்கள்

ஆமை முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான ஓர் உலகம். டெர்ரி பிராட்செட் 1983 முதல் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள் உள்ளன. எதில் தொடங்குவது என்பதே அதன் வாசகர்களின் ஓயாத வழக்கு. முதல் நாவலான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ வெறும் பகடி என்பார் பலர், அது நியாயம்தான். சாவையே பாத்திரமாக்கிய ‘மார்ட்’ (1987) அல்லது காவலர் கதையான ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) புதியவருக்குப் பொருந்தும்.

அதிகம் மேற்கோளாவது ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993) நாவலில் காவல் தலைவர் வைம்ஸ் போடும் பூட்ஸ் கணக்கு. பணக்காரனின் 50 டாலர் பூட்ஸ் பத்து ஆண்டு உழைக்கும். ஏழையின் 10 டாலர் பூட்ஸ் சீக்கிரமே ஒழுகும். அதே பத்தாண்டில் ஏழைக்கு 100 டாலர் செலவு, பாதமோ ஈரம். பொருளாதாரப் பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார் பிராட்செட்.

அத்தியாயப் பிரிவின்மையும் அடிக்குறிப்புக் குறும்பும் சிலருக்கு எரிச்சல். 2007இல் தனக்கு அல்சைமர் நோய் இருப்பதை அவர் அறிவித்த பின் வந்த ‘ரெய்சிங் ஸ்டீம்’ (2013) போன்றவற்றில் உரையாடல் நீள்கிறது, கூர்மை குறைகிறது என்பது தீவிர ரசிகர்களும் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வது.