கூலித் துப்பறிவாளனின் கலை: டாஷியல் ஹமெற்றின் வாழ்வும் ஆக்க உந்துதலும்

எழுத்தாளனது வாழ்க்கைக்கும் அவனது ஆக்கங்களுக்கும் உள்ள தொடர்பு யாது என்ற வினா திறனாய்வுலகிற் பழமையானது. எனினும் இன்னமும் முற்றுப்பெறாதது. ஆக்கத்தினை ஆசிரியனிலிருந்து முற்றாகப் பிரித்து, சொற்களாலான தனியுலகாக நோக்குவோர் ஒருபுறம் உளர். ஆசிரியனது வாழ்க்கைச் சம்பவங்களை நிரல்படுத்தி, அவையே ஆக்கத்தின் ஊற்று எனக் கூறி அமைவோர் மறுபுறம் உளர். முற்போக்குத் திறனாய்வு இவ்விரு நோக்குகளையும் மறுப்பது. ஆயினும் நடைமுறையில் அதுவும் சில வேளைகளில் மூன்றாவதோர் எளிமைப்பாட்டிற்கு இடங்கொடுப்பதுண்டு. எழுத்தாளனது அரசியற் கொள்கை தெளிவு பெற்றால் அவனது கலையும் உயர்வு பெறும் என்பதே அவ்வெளிமைப்பாடு. இம்மூன்றினையும் ஒருங்கே சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற எழுத்தாளர் அமெரிக்கரான டாஷியல் ஹமெற் (1894-1961). துப்பறிவாளராகத் தொழில் புரிந்தவர். குற்றப் புனைகதை ஆசிரியராகப் புகழ் பெற்றவர். பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்தவராகச் சிறை சென்றவர் அவர்.

துப்பறியும் நாவல் என்றதும் நம்மவர் முகஞ்சுளிப்பது இயல்பே. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிக் குவித்தவற்றைத் தமிழ் நாவலின் வளர்ச்சிப் பாதையிலிருந்து விலகிய வணிக எழுத்தெனக் கணிப்பதே இங்கு வழக்கமாகிவிட்டது. அக்கணிப்பு அவர்களளவிற் பொருந்துமா என்பது தனித்து ஆராயத்தக்கது. ஆனால் ஒரு வடிவம் வணிகச் சந்தையிற் பிறந்தது என்பதனாலேயே சமூக உண்மையைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. மார்க்சிய அறிஞர் ஏர்னெஸ்ற் மண்டேல் 1984இல் குற்றக் கதையின் சமூக வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். முதலாளித்துவ சமூகத்தின் வளர்ச்சியோடு குற்றக் கதை எங்ஙனம் உருமாறி வந்தது என்பதே அவர் எழுப்பிய வினா. ஹமெற்றின் இடம் அம்மாற்றத்தின் ஒரு திருப்புமுனையாகும்.

ஹமெற் மேரிலாந்து மாநிலத்திற் பிறந்தவர். குடும்பத்தின் வறுமை காரணமாகப் பதின்மூன்று, பதினான்கு வயதளவிற் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். பல சிறு வேலைகளின் பின் 1915இல் பிங்கேற்றன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தின் பால்ற்றிமோர் கிளையிற் சேர்ந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ நோயாளர் ஊர்திப் பிரிவிற் பணியாற்றுகையில் தொற்றுக் காய்ச்சலுக்கும், அதன்வழிக் காசநோய்க்கும் ஆளானார். இடையீடுகளுடன் 1922 வரை துப்பறியும் தொழிலில் இருந்த அவரை அத்தொழிலிலிருந்து விலக்கியது நோயே. நின்று நடமாடி உழைக்க இயலாத நிலையில், மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற சன் பிரான்சிஸ்கோ நகரில் எழுதத் தொடங்கினார். 'பிளாக் மாஸ்க்' என்னும் மலிவுக் கதைச் சஞ்சிகை அவருக்குக் களமாயிற்று.

பொதுவாக ஹமெற்றைப் பற்றி எழுதுவோர், 'அவர் உண்மையான துப்பறிவாளர். ஆதலின் அவரது கதைகள் உண்மையாக உள்ளன' என்று கூறி அமைவர். இது பாதி உண்மையே. துப்பறிவாளராக இருந்து நினைவுக் குறிப்புகள் எழுதியோர் பலர். பிங்கேற்றன் நிறுவனத்தைத் தோற்றுவித்த அலன் பிங்கேற்றன் பெயரிலேயே நூல்கள் பல வெளிவந்தன. அவை இலக்கியமாகவில்லை. ஆகவே அனுபவம் இருந்தது என்பதைவிட, எத்தகைய அனுபவம், உற்பத்தி உறவுகளில் எந்த நிலையிலிருந்து பெற்ற அனுபவம் என்பதே வினவற்பாலது.

பிங்கேற்றன் நிறுவனத்தின் வரலாறு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சிக்காகோவில் தோன்றிய அந்நிறுவனம் கள்வரையும் ஏமாற்றுவோரையும் மட்டும் தேடவில்லை. பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் அதன் ஒற்றரொருவர் தொழிலாளரிடையே பல்லாண்டு கலந்து வாழ்ந்து பின்னர் சாட்சி சொன்னார்; அவ்வழக்குகளின் விளைவாக 1877க்கும் 1879க்கும் இடையில் இருபது பேர் தூக்கிலிடப்பட்டனர். 1892இல் ஹோம்ஸ்ரெட் உருக்காலை வேலைநிறுத்தத்தின்போது, பிங்கேற்றன் அனுப்பிய ஆயுதந்தாங்கிய காவலர் ஏறத்தாழ முந்நூறு பேர் தொழிலாளருடன் மோதினர். இருதரப்பிலும் உயிரிழப்பு நேர்ந்தது. ஒற்றறிதல், பெயர்களைத் திரட்டிக் கொடுத்தல், கருங்காலிகளுக்குக் காவல் நிற்றல் ஆகியன அந்நிறுவனத்தின் விற்பனைப் பண்டங்களாக இருந்தன.

1917 ஓகஸ்ற் முதலாந் திகதி, மொன்ரானா மாநிலத்துச் செம்புச் சுரங்க நகரான பியூற்றில், உலகத் தொழிற்றுறைத் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளர் பிராங்க் லிற்றில் நள்ளிரவிற் கடத்தப்பட்டு, இருப்புப்பாதைப் பாலமொன்றில் தூக்கிலிடப்பட்டார். கொலைஞர் எவரும் தண்டிக்கப்படவில்லை. லிற்றிலைக் கொல்வதற்குத் தமக்கு 5000 டொலர் தர முன்வந்தனர் என ஹமெற் கூறியதாக, அவருடன் நெடுங்காலம் வாழ்ந்த நாடகாசிரியை லிலியன் ஹெல்மன் எழுதியுள்ளார். இக்கூற்றினை ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆகவே அதன்மீது எதையும் கட்டியெழுப்ப வேண்டுவதில்லை. அது நிகழ்ந்ததாயினும் ஆகாததாயினும், தாம் பெற்ற கூலி எத்தகைய கரங்களிலிருந்து வந்தது என்பதை அறியாதவராக ஹமெற் இருந்திருக்க முடியாது. அதற்கு அவரது முதல் நாவலே சான்று.

'றெட் ஹாவெஸ்ற்' (செந்நிற அறுவடை) 1929இல் நூலாக வெளிவந்தது. பேர்சன்வில் என்னும் சுரங்க நகரை அங்குள்ளோர் 'நச்சூர்' என்று பொருள்படத் திரித்து அழைக்கின்றனர். நகரின் உடைமையாளன் எலிஹு வில்சன். சுரங்கம், வங்கி, பத்திரிகை, அரசியலாளர் யாவும் அவன் கையிலேயே உள்ளன. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை உடைக்க அவன் அடியாட்களை வரவழைத்தான். வேலைநிறுத்தம் உடைந்தது, வந்தவர்கள் திரும்பிச் செல்லவில்லை. நகரையே பங்கிட்டுக்கொண்டனர். இக்கட்டத்தில், துப்பறியும் நிறுவனமொன்றின் பெயரற்ற ஊழியன் அங்கு வந்து சேர்கிறான். அவன் குறுகிய, பருத்த, நடுவயது மனிதன். கதையைச் சொல்பவனும் அவனே.

அதே காலத்து ஆங்கிலத் துப்பறியும் நாவலுடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அகதா கிறிஸ்ரி முதலானோரின் நாவல்களிற் குற்றம் என்பது ஒழுங்கான சமூகத்தில் நேர்ந்த இடையூறு. குற்றவாளி இனங்காணப்பட்டதும் ஒழுங்கு மீள்கிறது. ஹமெற்றின் நகரிலோ ஒழுங்கே குற்றத்தினாலானது. குற்றம் செய்தவன் யார் என்ற வினா மங்கி, நகரம் யாருடையது என்ற வினா முனைப்புப் பெறுகிறது. இது புனைதிறனால் மட்டும் விளைந்ததன்று. கனவான்களின் மாளிகையிற் பொழுதுபோக்காகத் துப்பறியும் அறிவாளியின் கண்ணுக்குப் புலப்படாதது, மாதச் சம்பளத்திற்குத் துப்பறிபவனின் கண்ணுக்குப் புலப்பட்டது.

எனினும் இந்நாவலின் எல்லையையும் நாம் குறித்தல் வேண்டும். வேலைநிறுத்தத்தின் வரலாற்றைத் தொடக்க அதிகாரத்தில் பில் குவின்ற் என்னும் சங்கவாதி கூறுகிறான். அதன்பின் அவன் கதையின் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறான். சுரங்கத் தொழிலாளர் ஒரு சக்தியாக எங்கும் தோன்றுவதில்லை. துப்பறிவாளன் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கிறான். தானும் கொலைவெறிக்கு ஆட்படுவதாக அஞ்சுகிறான். இறுதியில் படையினரின் துணையுடன் நகரம் மீண்டும் பழைய உடைமையாளனிடமே ஒப்படைக்கப்படுகிறது. சுத்தமாக்கப்பட்ட நகரம் மறுபடியும் கெடுவதற்கு ஆயத்தமாக உள்ளது என்பதைத் துப்பறிவாளனே அறிவான். பின்னர் அவன் செய்வது, தான் மீறிய விதிகளை மறைத்துத் தன் மேலாளருக்கு அறிக்கை எழுதுவதாகும்.

இந்த அறிக்கை எழுதும் காட்சியே ஹமெற்றின் கலைக்குத் திறவுகோல் எனலாம். அவரது உரைநடை பெரிதும் போற்றப்படுவது. உணர்ச்சிச் சொற்களை ஒதுக்கி, கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் மட்டும் கூறும் நடை அது. துப்பறியும் ஊழியன் நிறுவனத்திற்கு நாள்தோறும் எழுதிய அறிக்கையின் நடையோடு அது நெருங்கிய உறவுடையது. அறிக்கையில் ஊழியனின் மனச்சாட்சிக்கு இடமில்லை. தான் யாருக்காக உழைக்கிறான் என்பதைப் பற்றிய கருத்தினை அவன் அதில் எழுதவியலாது. ஹமெற் இவ்வடிவத்தை நாவலுக்குக் கொணர்ந்தபோது, சொல்லப்படாத அம்மனச்சாட்சியே வரிகளுக்கிடையில் அழுத்தமாகத் திரண்டது. கூலி பெறுபவன் தன் கூலியின் ஊற்றை அறிந்திருந்தும் வேலையைச் செம்மையாகச் செய்கிறான். இம்முரண்பாடே அவரது ஆக்க உந்துதல். வாழ்க்கை அவருக்குக் கதைப்பொருளை வழங்கியதிலும், இம்முரண்பாட்டினுள் நிற்கும் ஓர் இடத்தையே வழங்கியது என்பது நமது துணிபு.

பின்வந்த நாவல்களின் தலைமை மாந்தரை வரிசைப்படுத்தி நோக்கின் இக்கருத்து வலுப்பெறும். 'மோல்ரீஸ் பல்கன்' (1930) நாவலின் சாம் ஸ்பேட் கூலியாளன் அல்லன். சிறு நிறுவனமொன்றின் பங்காளி. 'கிளாஸ் கீ' (1931) நாவலின் நெட் போமன்ற் துப்பறிவாளனே அல்லன்; அரசியற் செல்வாக்குள்ள முதலாளியொருவனின் நண்பன். 'தின் மான்' (1934) நாவலின் நிக் சார்ள்ஸ் தொழிலைத் துறந்தவன். மனைவிக்கு மரபுரிமையாக வந்த மர ஆலை முதலிய சொத்துகளைப் பார்த்துக்கொள்பவன். மதுவும் கேளிக்கையுமாக வாழ்பவன். கூலியாளன் படிப்படியாக உடைமையாளனாகிவிடுகிறான். ஹமெற்றும் அவ்வாண்டுகளிலே ஹொலிவூட் பணத்தால் செல்வந்தரானார். நிக் சார்ள்ஸ் தன் வேடிக்கைப் பேச்சினால் வாசகரை மகிழ்விக்கின்றான். ஆயின் முதல் நாவலின் அழுத்தம் அங்கில்லை. முரண்பாடு தளர்ந்தது; நடை நிலைத்தது. அதன்பின் அவர் இறக்கும் வரையிலான இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு நாவலையேனும் முடிக்கவில்லை.

இம்மௌனத்திற்கு மதுவையும் நோயையும் செல்வத்தையும் காரணமாகக் கூறுவர். அவற்றின் பங்கினை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னொரு சாரார், அரசியலே அவரது கலையைக் கொன்றது என்பர். 1937 அளவில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார் என்பதையே இவர்கள் சான்றாக்குவர். கால வரிசையே இதனை மறுக்கிறது. கடைசி நாவல் வெளிவந்தது 1934இல். அதிலேயே உந்துதலின் தளர்ச்சி வெளிப்படை. கலை வற்றியபின் வந்த அரசியல், அது வற்றியதற்குக் காரணமாதல் எங்ஙனம்?

அதேவேளை, அரசியற் தெளிவு அவருக்குப் புதிய கலையை வழங்கவில்லை என்பதையும் நேர்மையுடன் ஏற்றல் வேண்டும். அவர் கைக்கொண்ட வடிவம் தனியொருவன் தன் தொழிலைச் செய்து முடிக்கும் வடிவம். எவரையும் நம்பாமையே அதன் அறம். கூட்டு நடவடிக்கையையும் தோழமையையும் சொல்ல அதில் இடமில்லை. முதல் நாவலிற் சங்கவாதி ஓரத்திற்குத் தள்ளப்பட்டமை தற்செயலன்று. புதிய நம்பிக்கைக்குப் புதிய வடிவம் தேவைப்பட்டது. அதனை அவர் காணவில்லை. 1950களின் முற்பகுதியில் எழுதத் தொடங்கி இடைநிறுத்திய 'ரியூலிப்' என்னும் நாவற் பகுதி, எழுதாத எழுத்தாளன் ஒருவனைப் பற்றியதே.

ஆனால் அவரது வாழ்வு எழுத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில், 48 வயதில், நோயுற்ற உடலுடன் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, அலூசியன் தீவுகளில் இராணுவ முகாம் பத்திரிகையொன்றை நடத்தினார். போரின்பின் நியூயோர்க்கில் ஜெபர்சன் சமூக விஞ்ஞானப் பள்ளியிற் கற்பித்தார். குடியியல் உரிமைகள் காங்கிரஸ் திரட்டிய பிணை நிதியின் பொறுப்பாளருள் ஒருவராகவும் இருந்தார். பிணையில் விடப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் நால்வர் 1951இல் தலைமறைவாயினர். நிதிக்குப் பணம் கொடுத்தோரின் பெயர்களைக் கூறுமாறு நீதிமன்றம் ஹமெற்றைக் கேட்டது. அவர் கூறவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்று, ஐந்து மாதங்கள் சிறையிலிருந்தார். அவருக்கு அப்பெயர்களுள் ஒன்றேனும் தெரியாது என ஹெல்மன் பின்னர் எழுதினார். தெரியாது என்று சொல்லியே அவர் தப்பியிருக்கலாம். பதிலளிக்க மறுத்தலையே அவர் தெரிந்துகொண்டார். 1953இல் மக்கார்த்தியின் குழு முன்னிலையிலும் அவர் தலைவணங்கவில்லை. கம்யூனிசத்தை எதிர்ப்பதற்குக் கம்யூனிஸ்ட் எழுத்தாளரின் நூல்களை வாங்குவீரா என்று வினவப்பட்டபோது, கம்யூனிசத்தை எதிர்ப்பதானால் மக்களுக்கு எந்த நூலையுமே கொடுக்கமாட்டேன் என்ற கருத்துப்பட விடையிறுத்தார்.

பிங்கேற்றன் ஊழியனின் தொழில் பெயர்களைக் கண்டறிந்து கூலி கொடுப்பவனிடம் ஒப்புவிப்பது. அதே மனிதர் முப்பது ஆண்டுகளின் பின் பெயர்களை ஒப்புவிக்க மறுத்துச் சிறை புகுந்தார். நாவல்களில் தீர்வு பெறாத முரண்பாடு அவரது வாழ்விலே தீர்வு பெற்றது எனலாம். இதனைக் கலையின் தோல்வி என்று கூறுவோர் கூறலாம். ஆயின், கொள்கையுடையோர் எல்லாம் தம் கொள்கைக்கேற்ற நாவலை எழுதியே தீரவேண்டும் என எதிர்பார்ப்பது, கலையும் வாழ்வும் ஒன்றையொன்று நிழல்போற் பின்தொடர்வன எனக் கொள்வதாகும். அவ்வாறன்று என்பதை ஹமெற் காட்டுகிறார்.

ஆகவே ஓர் எழுத்தாளனின் ஆக்க உந்துதலைத் தேடும் திறனாய்வாளன், அவன் என்ன கண்டான், எதனை நம்பினான் என்பவற்றோடு அமையாது, எந்த உறவுகளினுள் நின்று கண்டான், எந்த வடிவம் அதனைத் தாங்கியது, எப்போது அவ்வடிவம் தாங்க மறுத்தது என்பவற்றையும் வினவுதல் வேண்டும். மலிவுக் கதைச் சஞ்சிகையில் எழுதியவன் என்பதற்காகவோ, கொள்கை தெளிவதற்கு முன்னர் எழுதியவன் என்பதற்காகவோ எவனது ஆக்கத்தையும் வாசியாது ஒதுக்கும் உரிமை திறனாய்வுக்கு இல்லை. 'றெட் ஹாவெஸ்ற்' எழுதியபோது ஹமெற் கம்யூனிஸ்ட் அல்லர். எனினும் சுரங்க நகரொன்று யாருக்குச் சொந்தம், அவ்வுடைமை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அந்நாவலில் அவர் காட்டியவாறு காட்டியோர் சிலரே.