இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிழட்டு எஸ்டீம்

மாருதி எஸ்டீம் என்றால் பலருக்கும் பேங்க் மேனேஜர் பெரியப்பாவின் வெள்ளை வண்டிதான் ஞாபகம் வரும். பின்கண்ணாடிக்குக் கீழே டிஷ்யூ பெட்டி, சீட்டில் டர்க்கி டவல், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் மரியாதை. எனக்கு ஞாபகம் வருவது வேறு. மூன்றாவது கியரில் 6,000 ஆர்.பி.எம். தாண்டிக் கத்துகிற இன்ஜின், வளைவில் சாய்ந்து அழுகிற டயர், வேர்வையில் நனைந்த ஹெல்மெட், அதற்குள் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிற நான். நம் ஊரில் இந்தக் காசுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. கட்டணம் கட்டி, சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் மனசு ஆற ஓட்டிவிட்டு வருவது. எதிரே வண்டி வராது, ஸ்பீட் பிரேக்கர் கிடையாது, மாடு குறுக்கே வராது. சென்னைக்காரர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே அப்படி ஒரு தடம் இருப்பது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே தடம் போட்டது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள்.

அங்கே எஸ்டீமை எடுத்துக்கொண்டு போனால் யாரும் சிரிப்பதில்லை. எத்தனையோ வருஷம் அந்தத் தடத்தில் சலூன் கார் பந்தயங்களில் ஓடிய வண்டி அது. கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியையே கட்டி ஓடவிட்ட மண் இது. விலை குறைந்த இன்ஜினிலிருந்து வேகத்தைப் பிழிந்தெடுக்கிற வித்தை இங்கே பட்டறைக்குப் பட்டறை ஊறிக்கிடக்கிறது. எஸ்டீமின் எந்த போல்ட் எப்போது லூஸ் ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்த அறிவை ஷோரூமில் காசு கொடுத்து வாங்க முடியாது.

வண்டியின் ஜாதகமும் நல்ல ஜாதகம். 1.3 லிட்டர், 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், 85 குதிரைசக்தி. எடை 900 கிலோவுக்கும் கீழே. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இன்றைய புது வண்டிகளில் பெரும்பாலானவை ஒரு டன்னைத் தாண்டிவிட்ட நிலையில் இந்த எடை ஒரு வரம். வாங்கும்போது இன்ஜினைவிடத் துருவைத்தான் பார்க்க வேண்டும்: ஸ்ட்ரட் மேலே மாட்டுகிற இடம், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள குழி, கால் வைக்கிற தரை. கடற்கரையோரம் நின்ற வண்டிகளைக் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். டி.என். 37, 38 என்று கோவைப் பதிவு எண் கண்ணில் பட்டால் எனக்கு இன்னமும் மனசு குதிக்கும்.

என் வண்டியைத் தயார் செய்தது அம்பத்தூர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன். பந்தய டீம்களில் கைகறுத்தவர். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், கேம்ஷாஃப்ட் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்ஜின தொடாத தம்பி. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் பைப் எல்லாம் புதுசா போட்டு மூடிடு. காச பிரேக்ல போடு."

"ஏண்ணே, வேகம் வேணாமா?"

"நிக்கத் தெரியாத வண்டிக்கு எதுக்கு வேகம்?"

இந்த பிரேக் சமாச்சாரத்தை நான் யாரிடம் ஆரம்பித்தாலும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவேன். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டரில் வருகிற வண்டியை 70-க்குக் கொண்டுவந்தால் வேகம்தான் பாதியாகிறது. ஆற்றல் கால்வாசியாகிவிடுகிறது. மிச்சம் முக்கால்வாசியில் பெரும்பங்கு அந்தச் சில நொடிகளுக்குள் டிஸ்க்கிலும் பேடிலும் டிரம்மிலும் சூடாக இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி மறுபடி இப்படித்தான். ஊருக்குள் ஓட்டுகிற பேட் இந்தச் சூட்டில் வழவழத்துப் போகும். அடுத்து பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் மிதித்த பெடல் நேரே தரைக்குப் போகும், வண்டி மட்டும் நிற்காது. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி இருக்க வேண்டும், டாட் 4-க்கு 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 3, 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு டிராக் டேக்கு முன்னாலும் புது டாட் 4. சூடு தாங்குகிற பேட், ஸ்டீல் வலை போர்த்திய பிரேக் ஹோஸ். இவ்வளவு போதும். முதல் முறை கடைசி நொடியில் பெடலை மிதித்து, சீட் பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஆனந்தம் டயர். சாலை டயரின் ரப்பர் கொஞ்சம் மென்மையான ரகமாக மாறினாலே போதும், அதே வண்டி வேறு ஜென்மம் எடுத்துவிடும். காற்றழுத்தம் தனிக் கலை. ஓடஓடச் சூடாகி அழுத்தம் ஏறும், அதனால் பிட்டுக்குத் திரும்பியதும் கேஜை வைத்துப் பார்த்துக் கொஞ்சம் இறக்க வேண்டும். தடம் வலஞ்சுழியாகப் போவதால் இடது முன் டயர்தான் அதிகம் உழைக்கும். அதன் வெளி ஓரம் தேய்ந்திருக்கும் விதம் நீங்கள் ஓட்டிய லட்சணத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பிரிங்கைக் கேஸ் கட்டரில் வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். அது சஸ்பென்ஷன் வேலை இல்லை, அழகு வேலை, அதுவும் ஆபத்தான அழகு. கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், முன் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிற மாதிரி இரண்டு டிகிரி கேம்பர். எஸ்டீமுக்கு இதுவே அமிர்தம்.

எடையைக் குறைக்கிற வேலை லேசானது: பின் சீட், கார்ப்பெட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே. ஏசியை மட்டும் விட்டுவைத்தேன், வீட்டுக்குப் போகிற வழியில் பூந்தமல்லி டிராஃபிக் இருக்கிறதே. சொல்லப்போனால் தடத்தில் நான் போடுவது ஏசி இல்லை, ஹீட்டர். ரேடியேட்டருக்குத் துணையாக அதுவும் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மே மாத ஸ்ரீபெரும்புதூரில் ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு ஆனந்தமாக இருக்கிற பைத்தியங்களை அங்கே மட்டும்தான் பார்க்கலாம்.

நெஞ்சை அணைத்துப் பிடிக்கிற பக்கெட் சீட் போட்டது நான் செய்ததிலேயே உத்தமமான செலவு. அதுவரை வளைவில் விழாமல் இருக்க ஸ்டீயரிங்கைத் தொங்கிப் பிடித்திருந்த கை, முதல் முறையாக ஸ்டீயரிங் என்ன பேசுகிறது என்று கேட்க ஆரம்பித்தது. நான்கு முனை பெல்ட் மட்டும் போடவில்லை. ரோல் கேஜ் இல்லாத வண்டியில் அது வேண்டாம். வண்டி கவிழ்ந்து கூரை நசுங்கினால் பக்கவாட்டில் சாய இடம் தராமல் ஆளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டே இருக்கட்டும். இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. அதனால் சாலையில் ஓட்டும் வண்டியில் எதைச் செய்தாலும் திருப்பிப் பழையபடி மாட்டுகிற மாதிரி செய்வது புத்திசாலித்தனம். முழுசாக உரித்துவிட்டால் லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? சி1-க்காக. பிட்டைத் தாண்டி ஓடும் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வருகிற வலது வளைவு. "இப்போ, இப்போ" என்று மூளை கத்தும், கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு வராது. அப்புறம் ஒரு மெல்லிய மிதி, ஸ்டீயரிங்கில் ஒரு சின்னத் திருப்பல், முன் டயர் தரையைக் கவ்வும், பின்பக்கம் லேசாக வழுக்கி வண்டியின் மூக்கை உள்ளே தள்ளிவிடும். ஐயோ! அந்த அரை நொடிக்கு என் சொத்தை எழுதிக் கேட்டாலும் கொடுப்பேன். 200 குதிரைசக்தி வண்டியில் இதே சுகத்தை அனுபவிக்க மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போக வேண்டியிருக்கும், தப்பினால் எங்கே போய் விழ வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். எஸ்டீம் இதை, பயந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற வேகத்தில் தருகிறது.

ஒருமுறை புத்தம்புது டர்போ கார் ஒன்று நேர்ப்பாதையில் விர்ரென்று என்னைத் தாண்டிப் போனது. சில சுற்றுகள் கழித்துப் பார்த்தால் பிட்டில் நிற்கிறது, முன் சக்கரத்தில் புகை. நானும் உள்ளே வந்து, ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். வெந்திருக்கும் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைக்கக் கூடாது. அந்தத் தம்பி நேரே வந்து, "சார், இன்ஜின்ல என்ன பண்ணிருக்கீங்க?" என்றார். பானெட்டைத் திறந்து காட்டினேன். தூசி படிந்த கம்பெனி இன்ஜின். நம்பாமல் குனிந்து குனிந்து தேடினார்.

இன்ஜின் சூடு இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். அடுத்த வேலை ரேடியேட்டர். தடிமனான அலுமினியம் ஒன்று வந்திருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன் என்று புதுப்பேட்டைக் கடைக்காரர் போன் பண்ணினார். சனிக்கிழமை காலையில் போய்ப் பேரம் பேச வேண்டும்.