நடுங்கும் கமரா யாருடைய கையில்?

உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று பிரித்துப் பேசுவோர் நம்மிடையே இன்னும் உளர். கமராவை எங்கே வைப்பது, எவ்வாறு பிடிப்பது என்பன வெறும் தொழில்நுட்ப விடயங்கள் என்றும், விமர்சகன் கதையின் கருத்தை மட்டும் ஆராய்ந்தாற் போதும் என்றும் அவர்கள் கருதுவர். அக்கருத்து எத்துணை தவறானது என்பதைக் காட்ட, விமர்சகர் பலர் பொருட்படுத்தாது ஒதுக்கும் திகிற்படங்களிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

சிலர் கமராவுடன் எங்கோ செல்கின்றனர். அவர்கள் மாண்டுபோகின்றனர் அல்லது மறைந்துபோகின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற படச்சுருள் பின்னர் கண்டெடுக்கப்படுகிறது. அதுவே இப்போது உங்கள் முன் ஓடுகிறது. இத்தகைய பாவனையில் அமையும் படங்களைக் ‘கண்டெடுத்த படங்கள்’ எனலாம். இத்தாலிய நெறியாளர் ருஜேரோ டியோடாட்டோவின் ‘கனிபல் ஹொலகோஸ்ட்’ (1980) இவற்றுக்கு முன்னோடி. அதிற் கொல்லப்பட்டவராகத் தோன்றிய நடிகர்கள் உயிருடன் இருக்கின்றனர் என்பதை அவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியதாயிற்று. எனினும், இவ்வகையை உலகறியச் செய்தது டானியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகிய இருவரும் நெறிப்படுத்தி 1999இல் வெளியான ‘த பிளேயர் விட்ச் புரொஜெக்ட்’ என்னும் அமெரிக்கப் படமே.

சூனியக்காரி ஒருத்தியைப் பற்றிய செவிவழிக் கதையைப் படமாக்க மேரிலான்ட் காட்டினுள் நுழைந்து வழிதவறும் மூன்று இளைஞர்களின் கதை அது. அவர்களிடம் இரண்டு கமராக்கள் உள்ளன. ஒன்று, குடும்ப விழாக்களைப் பிடிப்பதற்கென விற்கப்பட்ட ஹை-8 வீடியோ கமரா. அது வர்ணப்படம் தருவது. மற்றது, ஒரு காலத்தில் தொலைக்காட்சிச் செய்தியாளர் தோளிற் சுமந்த சீபி-16 என்னும் 16 மில்லிமீற்றர் கமரா. இதில் ஓடுவது கறுப்பு வெள்ளைச் சுருள். இரவில் விளக்கின் ஒளி சில அடி தூரமே எட்டுகிறது. கமரா ஏந்தியவர் திரும்பினாலன்றி நாம் திரும்ப இயலாது. அவர் ஓடினால் நிலமும் மரக்கிளையுமே தெரிகின்றன. சூனியக்காரி ஒருபோதும் திரையில் தோன்றுவதில்லை.

இறுதிக் காட்சி குறிப்பிடத்தக்கது. பாழடைந்த வீட்டினுள் ஓடும் பெண்ணின் கையிலுள்ள 16 மில்லிமீற்றர் கமரா ஒலியைப் பதிவதில்லை. ஒலியோ, முன்னே ஓடிய தோழனின் வீடியோ கமராவிலிருந்து வருகிறது. ஆகவே, அவள் கண்கொண்டு நாம் பார்க்கும்போதே அவளது அலறல் எங்கோ தொலைவிலிருந்து கேட்கிறது. கருவியின் குறைபாடே கலைப்பயன் ஆகும் இடம் இது. இதன் திறனை மறுப்பதற்கில்லை.

ஆயின், இந்நடுக்கம் எங்கிருந்து வந்தது? ஹீதர் டொனஹியூ, ஜோசுவா லெனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ் ஆகிய மூன்று நடிகர்களே கமராவைத் தாங்கினர். உரையாடலையும் பெரும்பாலும் அவர்களே அவ்வப்போது ஆக்கிக்கொண்டனர். 1997 ஒக்டோபரில் எட்டு நாட்கள் அவர்கள் காட்டிலே கழித்தனர். நெறியாளர் மறைவாயிருந்து குறிப்புகளைச் சுருட்பெட்டிகளில் வைத்துச் சென்றனர். நாளுக்கு நாள் உணவு குறைக்கப்பட்டது. கமரா நடுங்கியபோது பசியும் குளிரும் களைப்பும் அதனூடே பதிவாயின. இவ்வாறு சேர்ந்த ஏறத்தாழ 20 மணிநேரப் படத்திலிருந்தே 81 நிமிடங்கள் தொகுக்கப்பட்டன.

சன்டான்ஸ் விழாவில் இப்படத்தை ஆர்டிசன் நிறுவனம் சுமார் 11 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று. மூவரும் உண்மையிலேயே காணாமற்போயினர் என்பதாக விளம்பரம் அமைந்தது. நடிகர்கள் தம் சொந்தப் பெயரிலேயே நடித்திருந்தமையால் அப்பொய் எளிதிற் பரவிற்று. ஹீதரின் தாய்க்கு அநுதாப மடல்கள் வந்தன. படம் உலகெங்கும் ஏறத்தாழ 248 மில்லியன் டொலர் வசூலித்தது.

இங்கேதான் உருவம் பற்றிய வினா சமூக வினாவாகிறது. ‘கண்டெடுத்தது’ என்றால் ஆக்கியவன் இல்லை என்பது பொருள். ஆக்கியவன் இல்லாத இடத்தில் கூலி கேட்பவனும் இல்லை. மறைந்துபோனவராக விளம்பரப்படுத்தப்பட்டவர் தம் வெற்றியைக் கொண்டாடவோ, பங்கினைக் கோரவோ எவ்வாறு முன்வர முடியும்? கதைக்கெனப் புனைந்த பொய், வணிகரின் கணக்கேட்டுக்கும் வாய்ப்பாயிற்று.

இதனோடு வேறொரு படத்தை ஒப்புநோக்குவோம். ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘அல்ஜியர்ஸ் போர்’ (1966) என்னும் படத்திலும் கமரா கையிலே நடுங்குகிறது. படம் செய்திச்சுருள் போலவே கரடுமுரடாகக் காட்சியளிக்கிறது. ஆயினும், செய்திச்சுருளின் ஓரடியேனும் இதிற் சேர்க்கப்படவில்லை என்ற அறிவித்தலுடனேயே அது அமெரிக்காவில் திரையிடப்பட்டது. தன்னைப் புனைவென ஒப்புக்கொண்டும் ஒரு மக்களின் போராட்டத்தை நம்ப வைத்தது அப்படம். புறத்தோற்றத்தைப் பிரதிசெய்வது இயற்பண்புவாதம். அத்தோற்றத்தை உண்டாக்கிய உறவுகளைப் புலப்படுத்துவதே யதார்த்தவாதம். கமராவை அசைத்துவிட்டாற் போதும், உண்மை வந்துவிடும் என்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டை உணராதவர். 2008இல் வெளியான ‘குளோவர்ஃபீல்ட்’ சுமார் 25 மில்லியன் டொலர் செலவில், உயர்தரக் கமராக்களையும் கொண்டு, சாதாரண மனிதனின் கைநடுக்கத்தைப் போலிசெய்தது. எளியவனின் குறைபாடு அங்கே செல்வந்தரின் அலங்காரமாயிற்று.

நெறியாளர் இருவரையும் நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களும் கைப்பொருள் குறைந்த இளைஞராகவே தொடங்கினர். பெருநிறுவனங்களின் தயவின்றி, மலிவான கருவியுடன் படமெடுக்கலாம் என்று அவர்கள் காட்டியது பெருஞ்சேவையே. அச்சேவையின் பயன் யாரைச் சேர்ந்தது என்பதே எமது கேள்வி.

விளம்பரம் மறைத்துவைத்த மூவரும் பின்னர் தாமாகவே வெளிப்பட்டனர். 2024 ஏப்ரிலில், படத்தின் உரிமையைப் பின்னாளிற் பெற்ற லயன்ஸ்கேட் நிறுவனம் புதிய பதிப்பொன்று வருமென அறிவித்ததும், அவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினர். தம் உழைப்புக்கு உரிய தொடர் ஊதியம் வேண்டும். தம் பெயரும் முகமும் பயன்படுமிடத்துத் தம்மைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றனர். அத்துடன், ஆண்டுதோறும் 60,000 டொலரைப் புதிதாகப் படமெடுப்போர் ஒருவருக்கு நன்கொடையாக வழங்கவேண்டும் என்றும் கேட்டனர். அத்தொகை தம் படத்தின் ஆரம்பச் செலவு என்று அவர்கள் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது. தமக்குப் பின் வருவோரின் கைக்கும் ஒரு கமரா கிட்டவேண்டும் என்பதே அதன் பொருள்.

இப்படத்தைப் பார்க்கும் வாசகர் சூனியக்காரியைத் தேடி இருளை உற்றுநோக்குவர். அவ்வேளையில், கமரா நடுங்கும் ஒவ்வொரு கணமும் அதைத் தாங்கிய கையையும் நினைவிற்கொள்வாராக. திரையில் அக்கை தெரிவதில்லை. ஆயினும், நாம் கண்ட அனைத்தையும் சுமந்துவந்தது அதுவே.